டிராக்டர் டிரெய்லர் மடங்குகிறதா, ஆடுகிறதா, தள்ளுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மரவள்ளிக் கிழங்கு சீசன் தொடங்கிவிட்டால் சேலம் மாவட்டத்தில் வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்துப் பட்டறைகளுக்கு வரும் டிரெய்லர்களில் அடிபட்ட இடம் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். பெட்டியின் முன்மூலை நசுங்கியிருக்கும், டிராக்டரின் மட்கார்டு உள்ளே போயிருக்கும், பின்விளக்கு இருந்த இடத்தில் வயர் மட்டும் தொங்கும். "சேகோ (ஜவ்வரிசி) ஆலையில ரிவர்ஸ் எடுக்கறப்ப மடங்கிருச்சுங்க" என்பார்கள். ஓட்டிய பையனைத் திட்டி அனுப்புவது சுலபம். ஆனால் டிரெய்லரை டிராக்டர் கொக்கியில் மாட்டும் இரும்பு ஆணியான பின்னைக் கழற்றிப் பார்த்தால் ஓட்டை முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் ஒரு பக்க டயரில் காற்று பாதிதான் இருக்கும். கை பழகாததும் வண்டிக் கோளாறும் சேர்ந்தே வரும். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம், உயிருக்கும் பாதுகாப்பு.

ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாமல் சரியாகும் காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், பட்டறைக்குப் போக வேண்டியதைக் கடைசியில். தனியாகச் சொல்லாத இடமெல்லாம் இரண்டு சக்கர டிரெய்லர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எதைச் சோதிப்பதானாலும் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்த பிறகுதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது டிராக்டருக்கும் பெட்டிக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது. பின் மாட்டுகிற ஆளும்கூட டிராக்டர் முழுதாக நின்ற பிறகே உள்ளே போக வேண்டும்.

## ரிவர்ஸில் பெட்டி நினைத்த பக்கத்துக்கு எதிராகப் போகிறது

இதில் வண்டிக்குக் குறை எதுவும் கிடையாது. புதிதாகப் பழகுகிற எல்லோருக்கும் வருவது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பிப் பின்னால் வந்தால் டிராக்டரின் பின்புறம் வலப்பக்கம் நகரும், கொக்கியும் அதோடு போகும், பெட்டியின் வால் இடப்பக்கம் திரும்பும்.

இதை மனதில் கணக்குப் போட்டு ஓட்ட முடியாது. கையை மாற்றி வைத்தால் போதும். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தை, ஆறு மணி முள் நிற்கும் இடத்தில், ஒரு கையால் பிடியுங்கள். வால் இடப்பக்கம் போக வேண்டுமா, கையை இடப்பக்கம் நகர்த்துங்கள். வலப்பக்கம் போக வேண்டுமா, வலப்பக்கம் நகர்த்துங்கள். அவ்வளவுதான்.

### திருப்பம் தொடங்குகிறது, ஆனால் நிற்காமல் மடங்கிக்கொண்டே போகிறது

திருப்பத்தைத் தொடங்கி வைத்த ஸ்டியரிங்கை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பதுதான் காரணம். வால் திரும்பத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் கொண்டுவந்து, டிராக்டரைப் பெட்டியின் பின்னாலேயே கூட்டிக்கொண்டு போக வேண்டும். இடப்பக்கம் நுழைய வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் வலம், வால் திரும்பியதும் இடம், உள்ளே நுழைந்ததும் நேர். இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்து வர வேண்டும்.

பெட்டி எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கத் தோளுக்கு மேல் பார்த்து ஓட்டுங்கள். டிராக்டரின் பெரிய டயருக்கும் பெட்டியின் முன்மூலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் கண் இருக்க வேண்டும். அது ஒரு முழத்துக்கும் குறைந்துவிட்டால் ஸ்டியரிங்கை ஒடித்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். நிறுத்துங்கள், முன்னால் போங்கள், நேராக்குங்கள், மறுபடி வாருங்கள். முன்னால் எடுத்து நேராக்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்களின் மட்கார்டுதான் பட்டறையில் அதிகம் கிடக்கும். ஆலை முற்றத்தில் பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தாலும் சரி, முன்னால் எடுங்கள்.

### நேராகப் பின்னால் வர வேண்டும், ஆனால் பாம்பு மாதிரி நெளிகிறது

முதலில் வேகத்தைப் பாருங்கள். ஹை-லோ லீவர் லோவில் இருக்க வேண்டும், ஹேண்ட் ஆக்ஸிலேட்டர் கீழே இருக்க வேண்டும். கிளச்சை முழுதாக விட்டு எஞ்சின் ஐடிலிலேயே நகர்ந்தால் போதும். பாதிக் கிளச்சில் தொங்கிக்கொண்டு வந்தால் வண்டி குலுங்கும், கிளச் பிளேட்டும் தேயும்.

அடுத்தது, திருத்துவதில் தாமதம். பெட்டி எந்தப் பக்கம் அதிகமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்புங்கள், உடனே நேருக்குக் கொண்டுவாருங்கள். நாலு விரல் அகலம் வால் விலகும்போதே திருத்தினால் கால் சுற்றுகூட வேண்டியதில்லை. நீளம் குறைந்த பெட்டி சட்டென்று மடங்கும், நீளமான பெட்டி நிதானமாகப் பதில் சொல்லும். பழகுவதற்கு நீளமான காலிப் பெட்டிதான் நல்லது.

இதெல்லாம் சரியாக இருந்தும் நெளிந்தால் கொக்கியைப் பாருங்கள். ஒருவரை டிரெய்லரின் முன் சட்டத்தைப் பக்கவாட்டில் ஆட்டச் சொல்லி, பின் ஓட்டைக்குள் எவ்வளவு விளையாடுகிறது என்று கவனியுங்கள். லொட லொட என்று ஆடினால் பின் தேய்ந்திருக்கும். முதலில் பின்னை மாற்றிப் பாருங்கள், அது சின்னச் செலவு. புதுப் பின் போட்டும் ஆடினால் டிரெய்லரின் கண் (பின் நுழையும் வளையம்) முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. லேத் பட்டறையில் ஓட்டையை வட்டமாக்கி, உள்ளே புஷ் (உலோக உறை) இறக்கித் தருவார்கள். வெல்டிங்கில் வெறுமனே நிரப்பித் தேய்த்துக் கொடுப்பதை ஏற்காதீர்கள், கொஞ்ச நாளில் மறுபடி பழைய கதைதான்.

### பின்னால் நிற்கும் ஆள் சொல்வதும் நீங்கள் திருப்புவதும் ஒத்து வரவில்லை

இது பெரிய விஷயம், யாரும் கண்டுகொள்வதில்லை. கிளீனர் "லெஃப்ட்ல ஒடி" என்பார். அவர் சொன்னது ஸ்டியரிங்கா, பெட்டியின் வாலா? ஓட்டுபவர் ஒன்றாக எடுத்துக்கொள்வார், சொன்னவர் இன்னொன்றை நினைத்திருப்பார். வண்டியை எடுப்பதற்கு முன்பே பேசி வையுங்கள்: "தம்பி, நீ வால் போக வேண்டிய பக்கத்தை மட்டும் கையால காட்டு, ஸ்டியரிங் என் வேலை." கை காட்டினால் போதும், வாயால் சொல்ல வேண்டியது "நில்லு" ஒன்றுதான்.

அவர் நிற்க வேண்டிய இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியும் பக்கவாட்டில், பெட்டியின் வாலுக்கு வெளியே. நேர் பின்னால் நிற்கவே கூடாது. கிழங்கு இறக்கும் இடத்தில் செம்மண்ணும் கிழங்குத் தோலும் தண்ணீரும் சேர்ந்து தரை வழுக்கும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் நிற்கிறவர் கால் வழுக்கினால் விலக இடமிருக்காது. அவர் கண்ணில் படவில்லையா, அந்த நொடியே பிரேக். எங்கே இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் மறுபடி நகர வேண்டும்.

பழகுவதற்கு அறுவடை முடிந்து காய்ந்த வயலே நல்ல இடம். மணல் நிரப்பிய சாக்கு நாலை வாசல் மாதிரி வைத்து, முதலில் நேராக, அப்புறம் வலம், அப்புறம் இடம் என்று போய் வாருங்கள். நேராக வருவது கை வந்த பிறகுதான் திருப்பம். சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் சந்தில் முதல் பாடம் வேண்டாம்.

## நாலு சக்கர டிரெய்லர் ரிவர்ஸில் கட்டுக்கு வரவில்லை

இதில் மடங்கும் இடம் இரண்டு. ஒன்று டிராக்டர் கொக்கி, இன்னொன்று பெட்டியின் முன் அச்சுக்கு மேலே சுழலும் வட்டம். அதனால் மேலே சொன்ன கணக்கு இங்கே தலைகீழாகும். வால் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கும் இடப்பக்கமே தொடங்கும். ஆனால் நடுவிலிருக்கும் சின்ன மூட்டு மிக வேகமாக ஒடிந்துவிடும்.

இரண்டு சக்கரம் நன்றாகக் கை வந்த பிறகே இதைத் தொடுங்கள். தொடங்குவதற்கு முன் டிராக்டர், முன் அச்சு, பெட்டி மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்படி முன்னால் ஓட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். லோடு ஏறிய வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாக நுழைய வழியிருந்தால் அதுவே மேல்.

நேர்கோட்டில் தொடங்கியும் எப்போதும் ஒரே பக்கமாகவே மடங்கினால் சுழல்வட்டத்தில் கிரீஸ் காய்ந்திருக்கும், கிரீஸ் அடித்துப் பாருங்கள். அதற்கும் மசியாமல் கரகரவென்று சத்தம் வந்தால் வட்டத்தின் பேரிங் போயிருக்கும், அல்லது அச்சு கோணியிருக்கும். பெட்டியைத் தூக்கிப் பிரிக்க வேண்டிய வேலை அது, பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

## ரோட்டில் ஓடும்போது பெட்டி இடமும் வலமும் ஆடுகிறது

ஆட்டம் தொடங்கியதும் சடாரென்று பிரேக் அடிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாதீர்கள். ஆக்ஸிலேட்டரை மெல்லக் குறைத்து வண்டி தானாக அடங்க விடுங்கள். ஓரம் கட்டிய பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் லோடு. பெட்டியின் பின்பாதியில் எடை கூடினால் அது கொக்கியை மேலே தூக்கும், வால் ஆடும். மூட்டையோ செங்கல்லோ அச்சுக்கு மேலும் கொஞ்சம் முன்னாலும் கனமாக இருக்கும்படி அடுக்க வேண்டும். கார், ஜீப் பின்னால் இழுக்கும் சின்ன டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. டிராக்டர் பெட்டிக்கு அதைவிடக் கூடுதலாக இறங்கினாலும் தாங்கும். ஆனால் குறையக் கூடாது.

அடுத்து காற்று. இரண்டு டயரிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். அதிகபட்சம் எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். காலால் உதைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது, கேஜ் வைத்துப் பாருங்கள்.

பிறகு வீல் நட். அதன் பிறகு பேரிங். காலிப் பெட்டியை ஜாக் வைத்துத் தூக்கி, அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்துவிட்டு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டமோ கொரகொரப்போ இருந்தால் பேரிங்கைப் பிரித்தாக வேண்டும். ஓடி வந்து நிறுத்தியதும் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பக்கத்தில் புறங்கையை நீட்டிப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் கோளாறு. பார்க்காமல் ஓட்டினால் சக்கரமே கழன்று போகும்.

டயர் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம். இரண்டு சக்கரத்துக்கும் கொக்கிக் கண்ணிலிருந்து கயிறு பிடித்து அளந்து பாருங்கள். அளவு வித்தியாசப்பட்டால் அச்சு நகர்ந்திருக்கிறது, அச்சைப் பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து முடுக்கலாம். அளவு சரியாக இருந்தும் தேய்மானம் தொடர்ந்தால் அச்சை நிமிர்த்துவது பட்டறை வேலை.

## டிராக்டரின் முன்சக்கரம் லேசாகிறது, மேட்டில் தூக்குகிறது

ஸ்டியரிங் திடீரென்று பூப்போல இலகுவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். முன்சக்கரத்தில் எடை இல்லை என்று அர்த்தம். மேட்டில் இது நடந்தால் டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் மேலேயே விழும். நொடிக்கணக்கில் நடந்து முடிந்துவிடும், குதித்துத் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம்.

காரணத்தை இப்படித் தேடுங்கள். லோடு முழுவதும் பெட்டியின் முன்னால் குவிந்திருக்கிறதா? அச்சுக்கு மேல் வரும்படி கொஞ்சம் பின்னால் தள்ளி அடுக்குங்கள். கிளச்சைச் சட்டென்று விடுகிறீர்களா? மேட்டில் லோ முதல் கியரில், கிளச்சை மெதுவாக விட்டு எடுங்கள். கொக்கி எந்த உயரத்தில் இருக்கிறது? கம்பெனி கொடுத்த கொக்கியிலோ டிராபாரிலோதான் (தாழ்வாக இருக்கும் இழுவைச் சட்டம்) இழுக்க வேண்டும். கலப்பையின் மேல் கம்பியான டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி போட்டு இழுப்பதைக் கிராமத்தில் இன்னும் பார்க்கிறோம். பின் அச்சுக்கு மேலே இழுவை விழுந்தால் முன்பக்கம் தூக்கத்தான் செய்யும். இதை யார் செய்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள், பெரியவராக இருந்தாலும் பரவாயில்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தூக்கினால் முன்னால் எடைக்கட்டி போட வேண்டும். உங்கள் மாடலுக்கு எத்தனை கிலோ என்று டீலரிடம் கேட்டுப் போடுங்கள், மணல் மூட்டை கட்டிச் சமாளிக்காதீர்கள்.

## இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத நினைத்தேன். ஏற்காடு மலையில் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் எஸ்டேட் ரோட்டில் காபி மூட்டையோ வெட்டிய சில்வர் ஓக் மரமோ ஏற்றி இறங்குபவர்கள், குப்பனூர் பாதையில் வருபவர்கள், சேலம் அடிவாரத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். நம் பக்கம் ஓடும் பல டிரெய்லர்களில் பிரேக்கே கிடையாது. பெட்டியின் எடை முழுவதையும் டிராக்டரின் இரண்டு பின்சக்கரம்தான் பிடித்து நிறுத்துகிறது.

### ஏற்கெனவே தள்ளத் தொடங்கிவிட்டது

கிளச்சை மிதிக்காதீர்கள். மிதித்த நொடியில் எஞ்சினின் பிடி போய்விடும். கியர் மாற்றப் பார்க்காதீர்கள், லோடோடு உருளும் டிராக்டரில் நியூட்ரலுக்கு வந்த கியர் மறுபடி விழாது. ஆக்ஸிலேட்டரை முழுதாகக் குறைத்து, பிரேக்கை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு வேகத்தைக் குறையுங்கள். ஒரே மிதியாகச் சக்கரத்தைப் பூட்டினால் பெட்டி பக்கவாட்டில் வந்து டிராக்டரை மடக்கிவிடும். அடங்கவே இல்லையென்றால் மலைப் பக்கத்து ஓரத்தில், மண் மேட்டில் உரசி நிறுத்துங்கள். பள்ளத்துப் பக்கம் போகாதீர்கள்.

### இனி தள்ளாமல் இருக்க

இரண்டு பிரேக் பெடலையும் இணைக்கும் தாழ்ப்பாளைப் பாருங்கள். உழவில் திரும்புவதற்காக அதைப் பிரித்து வைத்திருப்பார்கள், அப்படியே ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். இறக்கத்தில் ஒரு பெடலில் மட்டும் கால் பட்டால் ஒரு சக்கரம் மட்டும் பிடிக்கும், டிராக்டர் குறுக்கே திரும்பும், லோடு மேலே ஏறும். டிரெய்லர் மாட்டினால் தாழ்ப்பாளும் மாட்ட வேண்டும்.

கியரை இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, மேலே நிறுத்திப் போட்டுக்கொள்ளுங்கள். இதே லோடோடு இதே ரோட்டில் ஏற எந்தக் கியர் வேண்டுமோ அதுவோ, அதற்கும் கீழான கியரோ. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது, மிச்சம் பிடித்த டீசலுக்கு உயிரை விலை வைப்பது. மழைக்காலத்திலும் பனி இறங்கும் நேரத்திலும் லோடைப் பாதியாகக் குறையுங்கள்.

வளைவில் பெட்டியின் உள்சக்கரம் டிராக்டர் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அதனால் கொண்டை ஊசியில் டிராக்டரை வெளி ஓரமாக விட்டு, உள்ளே தாமதமாகத் திரும்புங்கள். திரும்புவதற்கு முன் ஹாரன், எதிரே பஸ் வருகிறதா என்று ஆள் இறங்கிப் பார்த்தாலும் நல்லது. மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. நாம் இறங்குகிறோம் என்றால் நாம்தான் நின்று வழிவிட வேண்டும்.

### பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது

காலி டிராக்டரை டிரெய்லர் இல்லாமல், ஆளில்லாத மண் தரையில் மெதுவாக ஓட்டி, தாழ்ப்பாள் போட்ட பெடலை அழுத்துங்கள். இரண்டு பின்டயரும் இழுத்த தடம் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒன்று குறைவாக இருந்தால் பெடலின் ஃப்ரீ பிளே (பிரேக் பிடிப்பதற்கு முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) வித்தியாசப்படுகிறது. ராடில் உள்ள நட்டைத் திருப்பிச் சமன் செய்யலாம். சமன் செய்தும் ஒரு பக்கம் பிடிக்காவிட்டால் உள்ளே ஆயில் கசிந்திருக்கும், அல்லது டிஸ்க் தேய்ந்திருக்கும். அதை மெக்கானிக் பிரித்துப் பார்க்கும் வரை லோடு ஏற்றாதீர்கள், மலைப் பக்கம் போகவே போகாதீர்கள்.

## கொக்கிப் பின் துள்ளி வெளியே வருகிறது, பெட்டி கழன்றுவிட்டது

அடியில் பூட்டும் கிளிப் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். குண்டு குழியில் பின் துள்ளும்போது கம்பி அறுந்துவிடும். கிளிப் இரண்டு கூடுதலாக டூல் பாக்ஸில் கிடக்கட்டும். பின்னுக்குப் பதிலாகக் கட்டுமானக் கம்பியையோ போல்ட்டையோ போடாதீர்கள். டிரெய்லர் சட்டத்துக்கும் டிராக்டருக்கும் ஒரு சங்கிலி, திருப்பத்துக்கு மட்டும் தளர்வு விட்டு, எப்போதும் கட்டியிருக்க வேண்டும்.

டிரெய்லரின் முன் சட்டத்தில் வெல்டிங் ஓரமாகத் துரு நிறத்தில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அது விரிசல். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள், கோடு போகவில்லையென்றால் அன்றைய ஓட்டம் அதோடு நிற்க வேண்டும். மேலே ஒரு தகடு வைத்து ஒட்டுவது மட்டும் போதாது. விரிசலை அடிவரை குடைந்து வெல்ட் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். டிராக்டர் பக்கத்துக் கொக்கி வார்ப்பில் விரிசல் என்றால் வெல்டிங்கே வேண்டாம், டீலரிடம் புதிது வாங்கி மாட்டுங்கள்.

## டிரெய்லரின் பின்விளக்கு எரியவில்லை

உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் இருட்டில் விளக்கில்லாத கிழங்கு வண்டியைப் பின்னால் வரும் கார்க்காரர் கடைசி நொடியில்தான் பார்ப்பார். அதனால் இதைச் சின்னக் கோளாறு என்று தள்ளாதீர்கள்.

எல்லா விளக்கும் மங்கலாகவோ மாறி மாறியோ எரிந்தால் எர்த் வயர். சட்டத்தில் அது பூட்டியிருக்கும் இடத்தைச் சுரண்டி, துரு நீக்கி மறுபடி முடுக்குங்கள், பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். ஒன்று மட்டும் எரியாவிட்டால் பல்பு. எதுவுமே எரியாவிட்டால் சாக்கெட்டில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் ஃபியூஸ். புது ஃபியூஸ் போட்டதும் போய்விட்டால் வயர் எங்கோ சட்டத்தில் உரசித் தோல் உரிந்திருக்கிறது, எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

விளக்கு சரியாகும் வரை பொழுது சாய்ந்த பிறகு ரோட்டில் ஏறாதீர்கள். விளக்கு எரிந்தாலும் பெட்டியின் பின்பலகையில் முழு அகலத்துக்குச் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். லோடு இறக்கியதும் துணியால் மண்ணைத் துடைத்துவிடுங்கள், கிழங்கு மண் அப்பிய பட்டை ஒளிராது.